தருக்க வாயில்களின் வலியறிதல்

ஒரு கருவி யாது செய்யும் என்று அறிதல் ஒன்று. அஃது எவ்வளவு தாங்கும் என்று அறிதல் மற்றொன்று. முன்னதை நம் கலாசாலை மாணாக்கர் செவ்வனே கற்கின்றனர். பின்னதைக் கற்பாரோ மிகச் சிலர். இக்குறை, தருக்க வாயில்கள் அடங்கிய ஐ.சி.க்களைப் பயிலுமிடத்து நன்கு புலனாகின்றது. உண்மை அட்டவணையைப் பிழையின்றி ஒப்பிக்க வல்லாரும், அவ்வாயிலின் வெளிமுனை எத்துணை மின்னோட்டம் தாங்கும் என்று வினவின் வாளாவிருப்பர். அட்டவணைக்கு அளிக்கும் மதிப்பை மின்னோட்ட வரம்பிற்கும் அளித்தல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்தும் கருத்தாகும்.

1960-களில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியார் வெளியிட்ட 7400 என்னும் ஐ.சி.யை நோக்குவோம். அதனுள் நான்கு நாண்ட் வாயில்கள் உள. வெளிமுனை தாழ்நிலையில் உள்ளபோது 16 மில்லியாம்பியர் வரை உள்வாங்கும். உயர்நிலையில் உள்ளபோது வெளியே தருவது 0.4 மில்லியாம்பியரே. கொள்ளும் வலி கொடுக்கும் வலியினும் நாற்பது மடங்கு! இவ்வேற்றுமைக்குக் காரணம் உண்டு. இவ்வினத்து உள்முனை ஒன்றற்குத் தாழ்நிலையில் 1.6 மில்லியாம்பியரும், உயர்நிலையில் 0.04 மில்லியாம்பியரும் மிகுதியாக வேண்டப்படும். எந்நிலையிற் கணக்கிடினும், ஒரு வாயில் தன்னினத்து வாயில்கள் பத்தினை இயக்கும் என்பது பெறப்படும். ஆகவே இவ்வரம்பு, தன் சுற்றத்தைப் பேணுதற்கு வகுக்கப்பட்டதேயன்றி, விளக்கெரித்தற்கும் மோட்டாரை ஓட்டுதற்கும் வகுக்கப்பட்டதன்று.

பின் வந்த 74எல்எஸ்00 கொள்வது 8 மில்லியாம்பியர். கொடுப்பது முன்போல் 0.4. சிமாஸ் இனத்து 74எச்சி00, 4.5 வோல்ட்டில், கொள்ளுதலிலும் கொடுத்தலிலும் 4 மில்லியாம்பியர் வரை தன் நிலை வழுவாது நிற்கும். ஆயின் அதன் விவரத்தாளில் 25 என்னும் எண்ணும் காணப்படும். அதனைக் கண்டு மகிழ்வோர் பலர். அஃது உழைக்கும் அளவன்று. கடந்தால் கேடு விளையும் எல்லை. மேலும், ஐ.சி. முழுவதன் மின்வழங்கு முனையிலோ தரைமுனையிலோ செல்லத்தக்க எல்லை 50 மில்லியாம்பியரே. நான்கு வாயில்களையும் 25 வீதம் சுமக்கச் செய்தால் 100 ஆகுமன்றோ?

வரம்பு மீறினால் ஐ.சி. உடனே கருகிவிடும் என்று எண்ணற்க. முதலிற் கெடுவது மின்னழுத்தம். டி.டி.எல். இனத்தில் 0.8 வோல்ட்டிற்குக் கீழ்ப்பட்டது தாழ்நிலை, 2 வோல்ட்டிற்கு மேற்பட்டது உயர்நிலை, இடைப்பட்டது இரண்டுமன்று. சுமை மிகின், வெளிமுனை அவ்விடைநிலைக்கு வழுவும். விளக்கோ எரிந்துகொண்டிருக்கும், அடுத்த வாயிலோ ஒரு பொழுது ஒன்றென்றும் மறுபொழுது சுழியென்றும் கொள்ளும். மாணாக்கர் அட்டவணையை மும்முறை சரிபார்த்து, பிழை காணாது, ஐ.சி. பழுது என்று எறிந்துவிடுவர். குற்றமற்றது தண்டிக்கப்படுகின்றது, குற்றமோ மேசைமேலேயே இருக்கின்றது.

ஐ.சி. விலை மலிந்தது, இரண்டொன்று கெட்டாலன்றிப் பையன்கள் கற்கமாட்டார்கள் என்பாரும் உளர். கெட்ட பின்னர் காரணம் ஆராயப்படுமாயின் அவ்வுரை ஒருவாறு பொருந்தும். வேறொன்றை எடுத்துச் செருகுவதே வழக்கமாயின், அதனாற் பெறும் கல்வி யாது? இங்குப் பழகிய அசட்டை, நாளை தொழிற்சாலையிலும் மருத்துவக் கருவியிலும் தொடருமாயின் விளையும் தீங்கிற்கு விலை மதித்தல் அரிது.

ஆதலின் இரண்டு செய்திகளை ஆசிரியர்முன் வைக்கின்றோம். ஆய்வுக் குறிப்பேட்டில் உண்மை அட்டவணையின் பக்கத்தே, வெளிமுனையின் வரம்பும் அதன்மேல் ஏற்றிய சுமையும் எழுதப்படல் வேண்டும். அன்றியும், வாயிலின் வெளிமுனையில் 4700, 2200, 1000 ஓம் தடைகளை முறையே இணைத்து, மின்னழுத்தம் மாறுமாற்றை அளக்கும் சோதனை ஒன்று பாடத்திற் சேர்க்கப்படல் வேண்டும். அதற்கு ஒரு பிற்பகற்பொழுது போதும்.

கணக்கும் கடினமானதன்று. 5 வோல்ட்டினின்று சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட்டும், தாழ்நிலை வெளிமுனைக்கு 0.4 வோல்ட்டும் போக எஞ்சுவது 2.6. தொடரில் 470 ஓம் தடை வைப்பின் செல்வது ஏறக்குறைய 5.5 மில்லியாம்பியர், 74எல்எஸ்00 இதனை எளிதில் தாங்கும். 70 ஓம் சுருளுடைய ரிலே, 5 வோல்ட்டில் 70 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு டிரான்சிஸ்டர் ஒன்றை இடையே நிறுத்தி, சுருளுக்குக் குறுக்கே டயோடு ஒன்றை எதிர்முகமாக இணைத்தல் வேண்டும்.

அரசர்க்கு வேண்டுவனவற்றுள் ஒன்றாக வலியறிதலை வைத்து, அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவனார். படை நடத்துவார்க்கு வேண்டிய அவ்வறிவு, ஐ.சி.யைக் கையாளும் மாணாக்கர்க்கு மட்டும் வேண்டாததாகுமோ?