சறுக்கும் காரை நேர்ப்படுத்தும் கருவி எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாகட்டும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோள அறுவடை தொடங்கிவிட்டால் பல ஊர்களில் சாலையின் ஒரு பாதி களமாகிவிடும். மணிகளைத் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறாதிருக்க ஓரத்தில் கற்களை அடுக்கி வைப்பார்கள். உலர்களம் போதாத ஊரில் உழவரைக் கடிந்து பயனில்லை. ஆயினும், பொழுது சாய்ந்த பின் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநருக்கு அந்தக் கல் கடைசி நொடியில்தான் கண்ணில் படுகிறது. அவர் ஸ்டீயரிங்கை வலப்புறம் வெட்டுகிறார். எதிரே விளக்கொளி தெரிந்ததும் உடனே இடப்புறம் திருப்புகிறார். அந்த இரண்டாவது திருப்பத்தில்தான் பெரும்பாலும் காரின் பின்பகுதி பிடிவிட்டுச் சுழல்கிறது. அரியலூர்ப் பக்கம் காரணம் வேறாக இருக்கலாம். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளிலிருந்து சிந்திய மண், முதல் மழையில் வழுக்கும் சேறாகிவிடுகிறது. நெடுஞ்சாலையிலோ குறுக்கே வரும் ஒரு மாடு போதும்.

எலும்பு முறிவு அறுவை மருத்துவன் என்ற முறையில், கார் எப்படி மோதியது என்பதை உறவினர்களிடம் நான் தவறாமல் கேட்பதுண்டு. எந்த உறுப்பு அடிபட்டிருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க அது உதவும். நேருக்கு நேர் மோதிய காரில், இருக்கைப் பட்டை அணிந்தவருக்குப் பாதுகாப்புகள் பல உண்டு. முன்பகுதி நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்கிறது, பட்டை உடலைப் பிடிக்கிறது, காற்றுப்பை விரிகிறது. சறுக்கிய கார் அப்படி மோதுவதில்லை. அது பக்கவாட்டில் சென்று புளியமரத்தில் கதவைக் கொண்டு இடிக்கிறது. கதவுக்கும் பயணியின் இடுப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருப்பதில்லை. இடுப்பெலும்பு வளையம் உடைகிறது, விலா எலும்புகள் நொறுங்குகின்றன, மண்ணீரலோ கல்லீரலோ கிழிகிறது. முன்புறக் காற்றுப்பைகளால் இங்கே பெரிய பயனில்லை. கார் உருண்டுவிட்டால் கழுத்துத் தண்டுவடத்திற்கே ஆபத்து. தண்டுவடம் அறுபட்ட ஒருவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதும், படுக்கைப்புண் வராமல் காப்பதும், சிறுநீர்க் குழாயைப் பேணுவதும் எத்தகைய உழைப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த இதழைப் படிக்கும் உங்களுள் சிலர் அதை நாள்தோறும் செய்து வருகிறீர்கள்.

இத்தகைய விபத்துகளைப் பற்றி உறவினர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "நன்றாகத்தான் ஓட்டி வந்தார், திடீரென்று வண்டி கட்டுக்கு அடங்கவில்லை." பிறகு விதியையும் நேரத்தையும் நொந்துகொள்வார்கள். வண்டியைக் கட்டுக்குள் வைக்கும் கருவி ஒன்று உண்டு என்பதும், அது அந்தக் காரில் இல்லாமல் போயிருக்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

அதன் பெயர் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. சுருக்கமாக இ.எஸ்.சி. என்பார்கள், சில நிறுவனங்கள் இ.எஸ்.பி. என்றும் வி.எஸ்.சி. என்றும் வழங்குகின்றன. ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்ப விரும்புகிறார் என்பதை ஸ்டீயரிங்கிலுள்ள உணரி அறிகிறது. கார் உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை மற்றோர் உணரி அறிகிறது. இரண்டும் முரண்பட்டால், கருவி ஏதேனும் ஒரு சக்கரத்தை மட்டும் தானாகவே பிரேக் பிடித்து, எஞ்சினின் விசையையும் குறைத்துக் காரை நேர்ப்படுத்துகிறது. நான்கு சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடிக்க மனிதருக்கு ஒரே மிதிதான் உண்டு. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் இதைச் செய்ய முடியாது. மோதலை முற்றிலும் தவிர்க்க இயலாதபோதும், கார் முன்முகமாக மோத இது வழி செய்கிறது. மருத்துவன் கண்ணுக்கு அதுவே பெரிய லாபம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1995இல் மெர்சிடிஸ் பென்ஸின் விலையுயர்ந்த காரில் வந்தது. 1997இல் ஸ்வீடன் நாட்டு இதழொன்று, சாலையில் காட்டுமான் குறுக்கிட்டால் ஓட்டுநர் எப்படித் திருப்புவாரோ அப்படியே அதே நிறுவனத்தின் சிறிய காரைத் திருப்பிப் பார்த்தது. கார் கவிழ்ந்தது. நிறுவனம் அந்த ரகக் கார்கள் அனைத்திலும் இக்கருவியைப் பொருத்தியது. அங்கே காட்டுமான், இங்கே மக்காச்சோளம். இரண்டு இடத்திலும் ஓட்டுநர் செய்வது வலமும் இடமுமாக ஒரே வெட்டுத்தான். வேறு வாகனத்தோடு மோதாமல், கார் தானாகவே தடம் மாறி நிகழும் உயிர்க்கொல்லி விபத்துகளை இக்கருவி ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வுகள் கண்டன. அமெரிக்கா 2012ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கின. சென்னைக்கு அருகே ஓரகடத்தில் உருவாகும் கார் ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டுமானால் இது இருந்தே ஆக வேண்டும். பெரம்பலூருக்கு வர வேண்டுமானால் அந்தக் கட்டாயம் இல்லை.

நம் நாட்டில் 2019 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். பின்னால் வண்டி எடுக்கும்போது ஒலிக்கும் உணரிகூட அதே ஆண்டில் கட்டாயமானது. ஆறு காற்றுப்பைகள் வேண்டுமா என்று இரண்டாண்டுகள் விவாதித்து, 2023இல் கட்டாயமில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். காற்றுப்பை மோதிய பின் உதவுவது, இ.எஸ்.சி. மோதலுக்கு முன் உதவுவது. எனினும் விவாதமெல்லாம் முன்னதைப் பற்றியே நடந்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் தர மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற இ.எஸ்.சி. வேண்டும் என்று வைத்தது நல்ல காரியம். ஆனால் அந்த மதிப்பீட்டுக்குக் காரை அனுப்புவது நிறுவனத்தின் விருப்பம்.

விலை கூடிவிடும் என்பார்கள். ஏ.பி.எஸ். உள்ள காரில் இக்கருவிக்கு வேண்டிய சக்கர உணரிகளும் பிரேக் அமைப்பின் பெரும்பகுதியும் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னும் சில உணரிகளும் வால்வுகளும் மென்பொருளுமே தேவை. 2024இல் ஆல்டோ கே10 போன்ற மிகக் குறைந்த விலைக் காரிலேயே எல்லா ரகங்களிலும் இது இடம்பெற்றுவிட்டது. ஆகவே இயலாது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், சட்டம் எதற்கு என்றும் சிலர் கேட்பர். நம் மருத்துவமனை வாசலில் சற்று நின்று பாருங்கள். திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ மேல்சிகிச்சைக்குச் செல்லும் குடும்பம் பெரும்பாலும் வாடகைக் காரில்தான் ஏறுகிறது. அந்தக் காரின் எந்த ரகத்தை வாங்குவது என்று முடிவு செய்தவர் வேறொருவர். செலவைக் குறைக்க அடிப்படை ரகத்தை வாங்குவது அவருக்கு இயல்பு. பின்னிருக்கையில் தாயின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் நோயாளிக்கு அதில் தெரிவே இல்லை. இன்று விற்கும் புதிய கார் பத்து ஆண்டுகள் கழித்து மூன்றாம் கைக்கு மாறி வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ ஓடிக்கொண்டிருக்கும். அப்போது இக்கருவியைப் புதிதாகப் பொருத்த வழியில்லை. முதல் நாளிலேயே இருந்தால்தான் உண்டு. இதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்.

2022இல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தனர். நாடு முழுவதும் இறந்தவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இ.எஸ்.சி. அவர்களுக்குத் தலைக்கவசம் ஆகாது. தடம் மாறிய கார் அவர்கள்மேல் பாய்வதைச் சில வேளைகளில் தடுக்கலாம், அவ்வளவே. உலர்களங்கள் கட்டுவதும், விளக்கில்லாமல் சாலையில் நிற்கும் லாரிகளை அகற்றுவதும் செய்தாக வேண்டிய வேலைகள்தாம். அவை முடியும்வரை இது காத்திருக்க வேண்டியதில்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தை மாநில அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அதன் பயனை எங்கள் பிரிவில் கண்கூடாகக் காண்கிறோம். அந்த 48 மணிக்கு முந்தைய இரண்டு நொடிகளுக்கு ஒன்றிய அரசு ஒரு விதி செய்யட்டும்.

கார் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், மேற்கூரைக் கண்ணாடிக்கும் பெரிய தொடுதிரைக்கும் பணம் கொடுக்குமுன், நீங்கள் வாங்கும் அதே ரகத்தில் இ.எஸ்.சி. உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கருவி இருந்தாலும் தேய்ந்த டயருக்கும் அளவுமீறிய வேகத்துக்கும் அது மருந்தாகாது. டயருக்குச் சாலையில் உள்ள பிடிக்குள்தான் அது வேலை செய்யும். உங்களிடம் இருக்கும் காரில் சாவியைத் திருப்பியதும், சறுக்கும் கார் வடிவில் மஞ்சள் விளக்கொன்று எரிந்து சில நொடிகளில் அணைந்தால், கருவி இருக்கிறது என்று பொருள். ஓடும்போது அது மினுக்கினால் வேலை செய்கிறது, வேகத்தைக் குறையுங்கள். அணையாமல் நின்றால், கருவி அணைக்கப்பட்டிருக்கலாம், பழுதாகவும் இருக்கலாம். அணைக்கும் பொத்தானை யாரும் அழுத்தவில்லையென்றால் பணிமனையில் காட்டுங்கள், ஏ.பி.எஸ்.உம் அதே சக்கர உணரிகளை நம்பியிருப்பதால் பிரேக்கையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.