கண்காணிக்க ஆள் வேண்டும்
சேலம், நாமக்கல் வட்டாரச் சிறு வங்கிகளின் கணினிகளை இரவும் பகலும் கண்காணிக்கத் தேர்ந்த ஆட்களை நியமிப்பது இனியும் தள்ளிப்போடக் கூடாத கடமை. 2024 ஜூலை இறுதியில், கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளான, சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தன் வலையமைப்பிலிருந்து துண்டித்தபோது, நாடெங்கும் சுமார் 300 சிறு வங்கிகளின் பரிவர்த்தனை தடைபட்டது. முட்டை, லாரி, விசைத்தறி என அன்றாடப் பணப்புழக்கத்தை நம்பியிருக்கும் இந்த மண்ணுக்கு அது எச்சரிக்கை மணி. ஊடுருவலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் ஆணை. கவனிக்கவே ஆளில்லாத இடத்தில் அந்தக் கெடுவுக்குப் பொருளில்லை. வாரத்தின் 168 மணி நேரமும் ஒரு திரையைக் காக்க, விடுப்பையும் கணக்கிட்டால் ஐந்து பேராவது தேவை. எச்சரிக்கைகளைச் சலிப்பவர், ஊடுருவலின் தடம் தேடுபவர், பாதிப்பைத் தடுத்து நிறுத்துபவர் என்று பொறுப்புகளும் பிரிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே சர்வர் பார்க்கும் ஊழியர் தலையிலேயே இதையும் கட்டுவது கண்துடைப்பு. தனித்தனியே இச்செலவு சிறு வங்கிகளுக்குக் கட்டுப்படியாகாது என்பது உண்மையே. ஆகவே, தமிழ்நாடு கிராம வங்கியின் தலைமையகம் உள்ள சேலத்திலேயே, கூட்டுறவு வங்கிகளையும் இணைத்த பொதுக் கண்காணிப்பு மையம் அமைய வேண்டும். உள்ளூர்ப் பொறியியல் பட்டதாரிகளைத் தேர்ந்து, கணினிப் பதிவுகளைப் படித்தறியும் நேரடிப் பயிற்சி தந்து, நிரந்தரப் பணியில் அமர்த்த அரசு முன்வர வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை போட்டுப் பயனில்லை.