சாலைக் கோடும் உலரும் நேரமும்

சாலையில் தீட்டிய கோடு எப்பொழுது உலர்ந்ததாகும்? டப்பாவின்மேல் அச்சிட்ட நிமிடக் கணக்கையே பலரும் விடையாகக் கொள்கின்றனர். அக்கணக்கு, குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சோதித்துக் கண்டதாகும். பெங்களூரிலோ ஜூன் முதல் அக்டோபர் வரை காற்றில் ஈரம் மிகுதி. 1910-ஆம் ஆண்டில் தோன்றிய பிரேசர் டவுனில், வெயில் படும் இடத்துக் கோடும் மரநிழலில் இட்ட கோடும் ஒருங்கே உலர்வதில்லை.

உலர்தலில் இரு நிலைகள் உண்டு. விரலில் ஒட்டாமை முதல் நிலை. சக்கரம் ஏறினும் பெயராமை இரண்டாம் நிலை. முதல் நிலை கண்டதும் சாலையைத் திறந்துவிட்டால், உள்ளே இன்னும் குழைந்திருக்கும் வர்ணம் டயரோடு போகும். ஈரம் காயுமுன் தூவிப் பாதியளவு புதையச் செய்த கண்ணாடி மணிகளும் உடன் பெயரும். இரவில் விளக்கொளியை ஓட்டுநருக்குத் திருப்பி அனுப்புவன அவையே.

ஏறத்தாழ 200 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருக்கி இடும் பிளாஸ்டிக் கலவையில், ஆவியாக வேண்டிய கரைப்பான் இல்லை. அது குளிர்ந்து சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆயினும் ஈரத் தளத்தில் அதுவும் நன்கு பற்றாது.

ஆகவே, தடுப்புகளை அகற்றும் வேளையைக் கடிகாரம் முடிவு செய்தல் தகாது. அதே வர்ணத்தை அதே கனத்தில் ஒரு தகட்டில் பூசி, சாலையோர நிழலில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் திருகிப் பார்த்தலே முறை. அரை மணி கூடுதலாகத் தடுப்பின் சிலர் சுற்றிச் செல்ல நேரும். கலைந்த வெள்ளைப் பட்டையோ, கோல்ஸ் ரோட்டைக் கடக்கும் சிறுவனுக்குக் காவலாகாது.