சபைகளுக்கு நடுவே ஒரு தாள்



பாப்டிஸ்ட் சபைகளுக்குப் பேராயர் கிடையாது, ஒவ்வொன்றும் தனித்தனி. அவற்றைச் சேர்த்துவைத்தது பெரும்பாலும் தபால்தான். 1812 மார்ச்சில், வங்காளத்தின் செராம்பூரில், இங்கிலாந்து பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரியின் அச்சகம் எரிந்தது. தமிழ் உட்படப் பல மொழி அச்செழுத்துகள் உருகிப்போயின. செய்தி இங்கிலாந்தை எட்டிய இரண்டே மாதத்தில் சபைகள் இழப்பை ஈடுகட்டும் பணத்தைத் திரட்டிவிட்டன. கேரி குழுவினரின் கடிதங்களை அவர்களை ஆதரித்த மிஷன் சங்கம் பல ஆண்டுகளாக அச்சிட்டுப் பரப்பியிருந்ததே, அந்தப் பழக்கம்தான் காரணம்!

எங்கள் மும்பைப் பக்கம் தாராவி, செம்பூர், கோபர்கைரனே தமிழ்ச் சபைகளிடையே போய்வருவது கன்வென்ஷன் நோட்டீஸ் மட்டும். (பிரசங்கியார் படம் பெரிதாக இருக்கும்.) யார் எந்த ஊரிலிருந்து வந்தார், முதல் ஆராதனை யார் வீட்டில் நடந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டெழுதி, மாதம் ஒரு தாள் மாற்றிக்கொள்ளலாம். முதல் தாளைத் தாராவிக்காரர்கள் எழுதட்டும்.

– ஒரு வாசகர், கோபர்கைரனே