உற்சாகத்துக்குக் காத்திருப்பவர்களே!



டிசம்பர் 31 இரவு ஆராதனையிலிருந்து வாக்குத்தத்த அட்டையோடு ஒரு தீர்மானத்தையும் நம்மில் அநேகர் வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். தினமும் நடப்பேன், எடையைக் குறைப்பேன், இனிப்பை விடுவேன் என்றோம். பொங்கல் விடுமுறை முடிவதற்குள் புதிய காலணி கட்டிலுக்கடியில் போய்விட்டது. கேட்டால், "ஆரம்பத்தில் இருந்த உற்சாகம் இப்போது இல்லை ஐயா" என்கிறீர்கள். துணைக்கு ஒரு வசனமும் வருகிறது: சரீர முயற்சியால் பயன் சிறிதே என்று பவுல் எழுதியிருக்கிறாரே (1 தீமோ. 4:8)!

இந்த இரண்டு சாக்குகளையும் எதிர்த்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் வசனத்தைப் பார்ப்போம். பவுல் அங்கே ஒப்பிடுகிறார், தடை செய்யவில்லை. இம்மையோடு முடியும் பயிற்சியைவிட மறுமைக்கும் உதவும் தேவபக்தி பெரிது என்பதே அவருடைய வாதம். பயன் சிறிது என்றால் பயனே இல்லை என்று பொருளாகாது. அதே நிருபத்தில் தீமோத்தேயுவின் வயிற்றைக் குறித்தும் அவனுக்கு அடிக்கடி நேரிடும் பலவீனங்களைக் குறித்தும் அக்கறையோடு ஆலோசனை சொல்லுகிறவர் (5:23), சரீரத்தை அலட்சியம் செய்யக் கற்பிப்பாரா? தங்கள் நகருக்கருகே இஸ்த்மிய விளையாட்டுகளைக் கண்டு வளர்ந்த கொரிந்தியருக்கு, பந்தயச் சாலையில் ஓடுகிறவனின் இச்சையடக்கத்தையே அவர் உவமையாக்கினார் (1 கொரி. 9:24-27). மேலும் ஒன்று கேட்கிறேன். நடக்காமல் மிச்சப்படுத்திய அந்த அரைமணி நேரம் ஜெப அறைக்குப் போயிற்றா, கைபேசிக்குப் போயிற்றா?

இவ்வசனத்தை அப்படிப் பிரசங்கித்தவர்களில் நானும் ஒருவன். சென்ற ஆண்டு என்னைவிட இளைய சகோதரர் ஒருவரை அடக்கம் செய்தேன். நீரிழிவு மாத்திரைகளை நிறுத்திவிட்டதாக அவர் முன்பு என்னிடம் சொன்ன நாளில், தலையில் கைவைத்து ஜெபித்தேன். மருத்துவரிடம் திரும்பிப் போகும்படி கண்டித்துச் சொல்லவில்லை. பின்பு கல்லறையருகே நின்று, இது கர்த்தருடைய சித்தம் என்றேன். அந்த வார்த்தை இன்றும் என் மனச்சாட்சியைக் குத்துகிறது. எல்லா நோயும் அலட்சியத்தின் பலனன்று. அப்படிச் சொல்லுகிறவன் யோபுவின் சிநேகிதரோடு சேர்ந்துகொள்கிறான். ஆனால் நம் அலட்சியத்துக்கு அவருடைய சித்தம் என்று பெயரிடுவது அவர்மேல் பழிசுமத்துவதாகும். நம் தேசத்தில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. நாமோ நோயாளிகளுக்காக ஜெபித்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் அவர்களிடமே கேக்கை நீட்டுகிறோம்.

அடுத்தது உற்சாகம். ஞாயிறு காலையில் உற்சாகம் பொங்கியா ஆலயத்துக்கு வருகிறீர்கள்? மணி அடிக்கிறது, வருகிறீர்கள். பலநாள் இரண்டாம் பாட்டில்தான் உள்ளம் விழிக்கிறது. கீழ்ப்படிதல் முன்னே போகிறது, உற்சாகம் பின்னே வருகிறது. நடைக்கும் இதுவே பொருந்தும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது மிகவும் வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய கேடு செய்யவில்லை. அப்படியானால் பொங்கலோடு விட்டவர் தோற்றவரல்லர். கால்பங்கு தூரத்தில் நின்றுவிட்டவர், அவ்வளவே.

சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டிய எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் அனுப்பவில்லை. நித்திரையும் அப்பமும் தண்ணீரும் இருமுறை தந்தார். அதன் பின்பே அவன் 40 நாள் நடந்தான் (1 இராஜா. 19). தானியேலும் வாழ்நாள் சபதம் செய்யவில்லை; 10 நாள் சோதித்துப் பார்க்கும்படி கேட்டான் (தானி. 1:12).

ஆகவே பெரிய சபதங்களை விடுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் நடந்தால் போதும். அதற்கும் இயலாதவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஜெபம் முடிந்ததும் காலணியை அணியுங்கள். உங்களுக்காக வாசலில் காத்துநிற்க ஒரு சகோதரரையோ சகோதரியையோ ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஒருநாள் விழுந்தால் மறுநாளே எழும்புங்கள். மனந்திரும்புவதற்கு அடுத்த ஜனவரி வரை எவரும் காத்திருப்பதில்லையே!

இந்தச் சரீரம் நம்முடையதன்று, கிரயத்துக்குக் கொள்ளப்பட்டது (1 கொரி. 6:19-20). உடைமை அவருடையது, காக்கும் பொறுப்பு நம்முடையது. அதை நிறைவேற்ற உற்சாகம் வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. உண்மையாயிருக்கவே கேட்கிறார்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் சோம்பலுக்கு உமது வசனத்தைப் போர்வையாக்கிய எங்களை மன்னியும். நாளைக் காலை எங்களை எழுப்பியருளும். ஆமென்.