வாயுவா, இருதயமா?

பெல்மதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் மரணத்துக்கு ஒரு புனைபெயர் உண்டு. 'வாயு' என்பது அப்பெயர். கொழுந்துக் கூடையைச் சுமந்து மேட்டில் ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். சற்று நின்றால் விட்டுவிடும். வாயுதான் என்பர் வீட்டார். வாயுதான் என்று மாத்திரை தருவர் மருந்துச் சாலையில். ஒரு விடியற்காலையில், பிரட்டுக்குப் புறப்படும் வேளையில், அந்த வாயு உயிரையும் கொண்டு போய்விடும்.

எமது வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தியின் தாய் இவ்வாறுதான் மறைந்தார். பல மாதங்கள் அதே வலி. பல மாதங்கள் அதே மாத்திரை. இறந்தபின் செய்த பரிசோதனையில்தான் மாரடைப்பு என்று எழுதினர். மாணவி அடுத்த தவணைக்குப் பாடசாலைக்கு வரவில்லை. தம்பி தங்கையருக்குச் சோறாக்க வீட்டில் ஒருவர் வேண்டுமன்றோ? இடாப்பில் அவள் பெயரைக் கோடிட்டு நீக்கியது எமது கை. அந்தக் கைதான் இதனையும் எழுதுகிறது.

உயிரோடிருந்தபோதே அத்தாயின் நோயை அறிந்திருக்க முடியாதா? முடியும். விஞ்ஞானம் அந்த வழியை எப்போதோ திறந்துவிட்டது.

1971ஆம் ஆண்டு ஒக்டோபரில், லண்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், சீ.ரீ. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அதனை ஆக்கிய கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் ஒரு விவசாயியின் மகன். இசைத்தட்டுகளுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. கம்பனியில் பொறியியலாளராக இருந்தவர். இதற்குக் கணித அடிப்படை அமைத்த அலன் கோர்மக்குடன் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சிக்குப் பிரித்தானியச் சுகாதாரத் திணைக்களமும் பணம் கொடுத்தது. மக்களின் வரிப்பணமும் சேர்ந்து பிறந்த கருவி இது!

துடித்துக்கொண்டே இருக்கும் இருதயத்தைப் படம் பிடிப்பது எளிதன்று. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் வந்த வேகமான கருவிகள் அதனையும் சாதித்தன. கையின் நாளத்தில் அயடீன் கலந்த மருந்தை ஏற்றுகிறார்கள். மாத்திரையால் துடிப்பைத் தணிக்கிறார்கள். ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே இருதயம் ஓய்ந்திருக்கும் கணம் பார்த்து, நெஞ்சைச் சுற்றிச் சுழலும் எக்ஸ் கதிர்க் குழாய் படம் எடுக்கிறது. இருதயத் தசைக்குக் குருதி ஊட்டும் முடியுரு நாடிகள் எங்கே ஒடுங்கியுள்ளன, எங்கே கொழுப்பும் கல்சியமும் படிந்துள்ளன என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. தொடையிலோ மணிக்கட்டிலோ நாடியைத் துளைத்து இருதயம்வரை குழாய் செலுத்த வேண்டிய அவசியம் பலருக்கு இல்லாமற் போகிறது.

இதனால் உயிர் தப்புமா என்று கேட்பீர்கள். ஸ்கொட்லாந்தில் நெஞ்சுவலியுடன் வந்த 4146 பேரிடம் செய்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018இல் வெளியாயிற்று. வழக்கமான பரிசோதனைகள் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 3.9 பேர் இருதய நோயால் இறந்தனர் அல்லது மாரடைப்புக்கு ஆளாயினர். ஸ்கேனும் பெற்றோரில் அது 2.3 மட்டுமே. படம் எவரையும் குணப்படுத்தவில்லை. உரிய மருந்து உரியவரிடம் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்தது என்பதே இதன் பொருள்.

இனி மறுப்போரைப் பார்ப்போம்.

"உடல் வருந்தி உழைப்பவருக்கு இருதய நோய் ஏது?" என்பர் சிலர். லயத்தின் காற்றோட்டமற்ற அறையில் விறகுப் புகையை விழுங்குவோரை இவர்கள் கண்டதில்லை போலும். உப்பும் புகையிலையும் உயர் குருதி அமுக்கமும் நீரிழிவும் மேட்டுக்கு ஏறிவர அஞ்சுவனவல்ல. நிறை குறைந்து பிறந்து, ஒரு வயதிலும் நிறை குறைந்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் இருதய நோயால் அதிகம் இறந்தனர் என்று டேவிட் பார்க்கர் என்னும் ஆங்கில வைத்தியர் 1989இல் காட்டினார். இலங்கையில் நிறை குறைந்த குழந்தைகள் மிகுதியாகப் பிறப்பது தோட்டங்களில் என்பதை அரசின் ஆய்வுகளே சொல்லுகின்றன. தாயின் பட்டினி பிள்ளையின் நெஞ்சில் கடனாக எழுதப்படுகிறது. வட்டியை யார் கட்டுவது?

"வறிய நாட்டுக்கு ஸ்கேன் ஓர் ஆடம்பரம்" என்பர் வேறு சிலர். ஆடம்பரம் என்றால் கொழும்பின் தனியார் வைத்தியசாலைகளில் அதற்கு என்ன வேலை? அந்தக் கருவிகள் அந்நியச் செலாவணியில் வாங்கப்பட்டவை. 1867இல் லூல்கந்துரையில் தேயிலைச் செய்கை தொடங்கிய நாள் முதல் அந்தச் செலாவணியைத் தேடித் தந்தவர் யார்? கொழுந்தெடுத்த விரல்களும் இறப்பர்ப் பால் வெட்டிய கைகளுமே. அந்தக் கைகளுக்கு 2024ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1350 ரூபா. கருவிக்கு விலை கொடுத்தவர் அதன் அருகே போகக் கூடாது என்பது என்ன நியாயம்?

இதனால் எல்லோரையும் கருவிக்குள் தள்ளுங்கள் என்று நாம் கூறவில்லை. நோயின் அறிகுறியே இல்லாத செல்வரை அச்சுறுத்தி ஸ்கேன் விற்கும் வியாபாரத்தையும் கண்டிக்கிறோம். கதிர்வீச்சு விளையாட்டுப் பொருளன்று. அயடீன் மருந்து சிலரின் சிறுநீரகத்துக்கு ஆகாது. மாரடைப்பு வந்துவிட்ட நிலையில் முதலில் வேண்டியது ஈ.சீ.ஜி.யும் விரைந்த சிகிச்சையும்தான்; ஸ்கேனுக்குக் காத்திருப்பதன்று. தேவையற்றவருக்குத் திணிப்பதும் தேவையானவருக்கு மறுப்பதும் ஒரே சந்தையின் இரு தொழில்கள்.

நாம் கேட்பவை சிலவே. தோட்டத்து மருந்துச் சாலைதோறும் ஓர் ஈ.சீ.ஜி. கருவியும் அதனை வாசிக்கத் தெரிந்தவரும் வேண்டும். ஏறக்குறைய 20 கிலோமீற்றரில் உள்ள இரத்தினபுரி அரசாங்க வைத்தியசாலைக்கு நோயாளியை அனுப்பும் ஒழுங்கும் வாகனமும் வேண்டும். இருதய ஸ்கேன் தேவை என வைத்தியர் கருதினால் அது இலவசமாகவும் காலம் தாழ்த்தாமலும் கிடைக்க வேண்டும். பரிசோதனைக்குப் போன நாளுக்குப் பேர் விழ வேண்டும்; ஒரு நாட்பேரை இழக்க அஞ்சி உயிரை இழப்போர் எத்தனை பேர்! நோயைத் தமிழில் கேட்டறியும் ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். 1987இல் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆயினும் தாயின் நெஞ்சுவலியைப் பத்து வயது மகன் சிங்களத்தில் மொழிபெயர்த்து நிற்கும் காட்சியை நாம் கண்டிருக்கிறோம். எவருக்கு ஸ்கேன் வேண்டும் என்னும் தீர்ப்பு நோயாளியின் வாய்மொழியிலிருந்தே தொடங்குகிறது. அந்த வாய்மொழியே வழியில் சிதைந்தால் கருவி என்ன செய்யும்?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! கருவி வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவனும் இன்று மாலை வீட்டில் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: "அம்மா, மேடேறும்போதா நெஞ்சு வலிக்கிறது? நின்றால் போய்விடுகிறதா?" ஆம் என்று விடை வந்தால் அதனை வாயு என்று ஒதுக்க விடாதீர்கள். தாயை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள், ஈ.சீ.ஜி. எடுக்கும்படி கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் விரட்டுவார்கள்; தோட்டமே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பெயரை இடாப்பிலிருந்து நீக்க எமது கை இணங்காது.