கடைசியாகக் கை வைத்தவர்

2023 செப்டம்பர் 14 மாலை. விசாகப்பட்டினத்திலிருந்து வந்த சிறிய லியர்ஜெட் 45 விமானம் ஒன்று மும்பை விமான நிலையத்தின் 27-ம் எண் ஓடுபாதையில் இறங்க முயன்றது. கனமழை. பார்வைக்கு எட்டும் தூரம் வெறும் 700 மீட்டர் என்றது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். விமானம் ஓடுபாதையை விட்டு விலகித் தரையில் மோதியது. உடல் பிளந்தது, தீப்பிடித்தது. உள்ளே ஆறு பயணிகள், இரண்டு விமானிகள். எட்டுப் பேருமே உயிர் பிழைத்தார்கள். நாட்டின் பரபரப்பான ஓடுபாதைகளில் ஒன்று அன்று மாலை மூடப்பட்டது. வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

சில விநாடிகளே ஓடும் கண்காணிப்பு கேமரா காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. இம்மாதிரி நேரங்களில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: தவறு விமானத்துடையதா, விமானியுடையதா? கறுப்புப் பெட்டியைப் பிரித்துப் படித்து, உடைந்த பாகங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்து விசாரணையாளர்கள் பதில் சொல்ல மாதங்கள் ஆகும், சமயத்தில் ஆண்டுகளும் ஆகும். ஊர்த் தீர்ப்புக்கு அவ்வளவு நேரம் பிடிப்பதில்லை. 'பைலட் எரர்' என்ற இரண்டு சொற்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன.

இந்த இரண்டு சொற்களில் பலருடைய நிம்மதி அடங்கியிருக்கிறது. விமானத்தைத் தயாரித்த கம்பெனிக்கு நிம்மதி. அதை வாடகைக்கு விட்டவருக்கு நிம்மதி. ஓடுபாதையைப் பராமரிப்பவருக்கும், எல்லாவற்றுக்கும் சான்றிதழ் தந்த அரசு அலுவலகத்துக்கும் நிம்மதி. விமானி இறந்துபோயிருந்தால் மறுத்துப் பேசவும் ஆள் இல்லை.

மும்பை விமான நிலையத்துக்கு ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இரண்டு ஓடுபாதைகள். இரண்டாவதில் தென்கிழக்கிலிருந்து வந்து இறங்கும் விமானம் டிராம்பே குன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையமும் அந்தப் பக்கம்தான். அந்த மையத்தின் அருகில் இருக்கிறது சீத்தா கேம்ப். மையத்துக்காக ஜனதா காலனியைக் காலி செய்தபோது, 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிய சதுப்பு நிலம் அது. அதை மேடாக்கி ஊராக்கியவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். தனியார் ஜெட்டில் ஏறும் வசதி அங்கே யாருக்கும் வாய்த்திருக்காது. ஆனால் விமானியின் தலையில் விழும் அந்தத் தீர்ப்பு சீத்தா கேம்ப்புக்குப் புதிதல்ல. லாரி மோதினால் டிரைவர் தவறு. கிரேன் சரிந்தால் ஆபரேட்டர் தவறு. சாரத்திலிருந்து விழுந்தால் விழுந்தவர் தவறு. இயந்திரத்தில் கடைசியாகக் கை வைத்தவர் யாரோ, அவரே குற்றவாளி.

கடைசியாகக் கை வைத்தவரைத் தாண்டி ஒரு விசாரணை எதைப் பார்க்க முடியும் என்பதற்கு மும்பையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1953 ஜூலையில் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் காமெட் ஜெட் ஒன்று சாந்தா குரூஸில் இறங்குவதாக நினைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஜூஹு விமானத் தளத்தில் இறங்கிவிட்டது. விமானியின் தவறு, சந்தேகமில்லை. 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஜெட்டும் அதே ஜூஹுவில் இறங்கியது. சிறிய விமானங்களுக்கான ஓடுபாதையில் நிற்க முடியாமல் கடைசி வரை ஓடி, அதையும் தாண்டிப் போய் நொறுங்கியது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. இதுவும் விமானியின் தவறுதான்.

ஆனால் இரண்டு வெவ்வேறு நாட்டு விமானிகள், 19 ஆண்டு இடைவெளியில், ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்றால் விமானிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. சில கிலோமீட்டர் இடைவெளியில், ஏறத்தாழ ஒரே திசை பார்த்துக் கிடக்கும் இரண்டு ஓடுபாதைகளையும் பார்க்க வேண்டும். முதல் விமானியின் தவறு இரண்டாமவருக்கு எச்சரிக்கையாகப் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்க வேண்டும்.

தனியார் ஜெட் விபத்துகளில் விமானியின் தவறு என்பதற்குப் பாடப் புத்தகத்தில் வைக்கத்தக்க உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 2014 மே 31 இரவு, பாஸ்டன் நகருக்கு அருகே பெட்ஃபோர்டு விமானத் தளத்தில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 ஜெட் கிளம்பியது. அதன் உடைமையாளர் லூயிஸ் காட்ஸ், 'பிலடெல்ஃபியா இன்கொயரர்' பத்திரிகையின் பங்குதாரர். நிறுத்தி வைத்த விமானத்தின் வால் பகுதியும் இறக்கைப் பகுதிகளும் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. எஞ்சினைக் கிளப்பும் முன் அதை விடுவித்துவிட வேண்டும். அன்று விடுவிக்கவில்லை. விமானம் ஓடியது, வேகம் பிடித்தது, மேலே எழும்பவில்லை. பூட்டு போட்டபடியே இருக்கிறது என்று விமானி திரும்பத் திரும்பச் சொல்வது குரல் பதிவில் இருக்கிறது. பிரேக் பிடிக்கச் சுமார் 10 விநாடி ஆயிற்று. எஞ்சினின் விசையைக் குறைக்க மேலும் 4 விநாடி. விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் பாய்ந்து எரிந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். சொன்ன உடனே நிறுத்த முயன்றிருந்தால் நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டது அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்.

இதைவிடத் தெளிவான விமானி தவறு இருக்க முடியாது. வாரியம் அதைச் சொல்லிவிட்டு மூட்டை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. விமானத்தின் பதிவுக் கருவியில் அதற்கு முந்தைய 175 பயணங்களின் விவரம் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார்கள். கிளம்பும் முன் விமானத்தின் திருப்பும் பாகங்கள் சரியாக அசைகின்றனவா என்று முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது விதி. 98 சதவீதப் பயணங்களில் அது முழுமையாக நடக்கவில்லை. ஆக, தவறு மே 31 இரவு நடந்ததல்ல. வருடக்கணக்காக நடந்துவந்தது. அன்று இரவுதான் அதற்கான பில் வந்தது.

அடுத்த கேள்வி: வருடக்கணக்காக நடந்தது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? அந்த இரண்டு விமானிகளும் பன்னிரண்டு ஆண்டுகள் சேர்ந்தே பறந்தவர்கள். ஒருவர் சொல்ல வேண்டியது மற்றவருக்குத் தெரியும் என்பதால் சொல்வதே நின்றுபோயிருந்தது. பெரிய விமானக் கம்பெனியில் இன்று ஒருவரோடும் நாளை வேறொருவரோடும் பறக்க வேண்டும். சிறிய ஜெட்டில் அந்த மூன்றாவது கண் இல்லை. அவர்களுடைய நிறுவனத்துக்குப் பாதுகாப்புத் தணிக்கைச் சான்றிதழ் இருந்தது. பதிவுக் கருவியும் எல்லாவற்றையும் உண்மையாகப் பதிந்துகொண்டிருந்தது. விபத்து நடக்கும் வரை அதை யாரும் வாசிக்கவில்லை.

அதற்கும் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. பூட்டு போட்டிருக்கும்போது எஞ்சின் விசையைக் கூட்ட முடியாதபடி அந்த விமானம் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். விசை நெம்புகோல் 6 டிகிரிக்கு மேல் நகரக் கூடாது. ஆனால் அதைப் போல மூன்று நான்கு மடங்கு நகர்ந்தது. வடிவமைப்பைச் சரிபார்த்தவர்கள் வரைபடத்தைப் பார்த்தே திருப்தி அடைந்திருந்தார்கள், நிஜ விமானத்தில் சோதித்துப் பார்க்கவில்லை. தயாரித்த கம்பெனியும் அங்கீகாரம் கொடுத்த அரசு நிறுவனமும் இப்படியாக அறிக்கைக்குள் வந்து சேர்ந்தன. விமானிகளின் தவறு ஒரு வரி கூடக் குறைக்கப்படவில்லை. ஆனால் அவர்கள் தனியாக நிற்கவில்லை.

இந்தியாவில் இப்படி எழுதுவதில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 7 இரவு, மழையில், கோழிக்கோடு ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்தது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். 190 பேரில் 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகள் உட்பட. விதிப்படி இறங்காததும், ஓடுபாதையின் பாதித் தூரம் போன பிறகே சக்கரம் தரை தொட்டதும், இறங்கும் முயற்சியைக் கைவிடாததுமே காரணம் என்றது இந்திய விமான விபத்து விசாரணைப் பிரிவு. ஆனால் அதே அறிக்கையில் வேறு விஷயங்களும் இருக்கின்றன. முதல் முயற்சியின்போது கேப்டன் பக்கத்துக் கண்ணாடி வைப்பர் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தையும் அவரே ஓட்ட வேண்டியிருந்தது. அங்கே போதிய கேப்டன்கள் இல்லை. அதற்குக் காரணம் நிறுவனத்தின் ஆள் நியமனக் கொள்கை. கேப்டன் அன்று வேறு ஊரில் போய் இறங்காததற்கும் மறுநாள் டியூட்டி பட்டியலுக்கும் சம்பந்தம் இருந்தது.

விமான விபத்து விசாரணையின் விதியே வேறு. பழி யாருடையது, நஷ்டஈடு யார் தருவது என்று தீர்மானிப்பது அதன் வேலையல்ல. இன்னொரு விபத்தைத் தடுப்பது மட்டுமே நோக்கம் என்று சர்வதேச விதிகளும், இந்தியாவின் விபத்து விசாரணை விதிகளும் சொல்கின்றன. அறிக்கைகள் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. இந்த ஏற்பாட்டில் தாமதங்களும் குறைகளும் உண்டு. ஆனாலும் கேள்விகளின் வரிசை அதில் இருக்கிறது: என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதற்கு முன் எத்தனை முறை நடந்தது, யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

சீத்தா கேம்ப்பின் லாரி டிரைவருக்கு இந்த வரிசை கிடையாது. விபத்து நடந்தால் அவருக்காகக் காத்திருப்பது முதலில் கூட்டத்தின் அடி, அப்புறம் போலீஸ் நிலையம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது ஐந்து ஆண்டு வரை. தண்டனை ஏறியிருக்கிறது, கேள்விகள் ஏறவில்லை. அதற்கு முன் எத்தனை மணி நேரம் ஓட்டினார்? பிரேக்கை மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தாரா? சரக்கு எத்தனை டன்? நேரத்தோடு போய்ச் சேராவிட்டால் கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள்? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். தூரப் பயணத்துக்குக் கொஞ்சம் விலக்கு, அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் பிடிப்பவர்களைக் கேட்டால் அந்த எட்டு மணி நேரம் என்ன ஆயிற்று என்று தெரியும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. அது பலருக்குத் தெரியாது. வேலையில் அடிபட்டவரிடமும், இறந்தவரின் குடும்பத்திடமும் சொல்லப்படும் வழக்கமான வாசகம் 'அவரே கவனமாக இல்லை' என்பது. இதைக் கேட்டு எத்தனையோ குடும்பங்கள் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறியிருக்கின்றன. ஆனால் 1923-ம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே வெறும் கவனக்குறைவு நஷ்டஈட்டை மறுப்பதற்கான காரணமாக இருக்கவில்லை. குடித்திருந்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியது ஆகியவற்றைத்தான் முதலாளி காரணமாகக் காட்ட முடியும். தொழிலாளி இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக முழு ஊனமடைந்துவிட்டாலோ அந்தக் காரணங்களும் செல்லாது. விபத்து வேலையின்போது, வேலையால் நேர்ந்தது என்பது போதும். கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வைத்திருந்தாலும் மூல முதலாளி தப்ப முடியாது. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு ஜெட் விமானம் தெரியாது, கறுப்புப் பெட்டி தெரியாது. மனிதன் தவறு செய்வான், களைப்பான், மறப்பான், அந்தத் தவறின் செலவை அவன் ஒருவன் தலையில் கட்டக் கூடாது என்பது தெரிந்திருந்தது. பெட்ஃபோர்டு விசாரணையில் வெளியே வந்ததும் இதே உண்மைதான். ஜெட்டின் பதிவுக் கருவியை விபத்துக்குப் பிறகாவது எடுத்து வாசிக்க ஒரு வாரியம் இருந்தது. லாரி டிரைவரின் வேலை நேரக் கணக்கு முதலாளியின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும், அதுவும் எழுதி வைத்திருந்தால். அடுத்த விபத்தில் போலீஸோ தொழிலாளர் அலுவலகமோ முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த நோட்டுப் புத்தகத்தை.